கப்பல் படிக்கிற நேரம்

பேப்பரா? தரேன் சார், தரேன். பைக்குள்ளதான் கீது, றெக்கை மொளைச்சிப் பறந்துடாது. மொதல்ல நீங்க எழுதிகினதை அடிங்க. நோயாளிகளைத் தூண்டிவிட்டாள்னு எழுதினீங்களே, அந்த வார்த்தைய. எதிர்ல குந்திகினு இருந்தாலும் எனக்குத் தலைகீழா படிக்கத் தெரியும். நான் யாரையும் தூண்டல. படிச்சேன். அவ்ளோதான்.

மரியாதையாத்தான் பேசறேன் சார். எங்க வூட்லயும் இதே மாதிரிதான் பேசுவேன். எங்கப்பா லியோனார்ட், ரயில்வேல ஃபிட்டரு. டோரதி, உன்னோட வாதாடறதுக்கு இன்ஜினோட வாதாடலாம், அதுவாச்சும் நடுவுல தண்ணி குடிக்க நிக்கும்னு சொல்லுவாரு. காலேஜ்ல நான் இன்னான்னு சொன்னா மயிலாப்பூர்ப் பொண்ணுங்க வாயப் பொத்திகினு சிரிப்பாங்க. நான் வேணும்னே இன்னும் ரெண்டு இன்னா சேர்த்துப் போடுவேன். யூனிவர்சிட்டி பேச்சுப் போட்டில கப்பு வாங்கின நாக்கு சார் இது. ஜட்ஜா இருந்து ரிடையர் ஆன உங்களை விசாரிக்கப் போட்டா சுருண்டுக்கும்னு ஆஸ்பத்திரி கமிட்டிக்காரங்க நெனைச்சிருந்தா அது அவங்க தப்பு.

சரி, மொதல்லேர்ந்து சொல்றேன். நீங்க எழுதுங்க, ஆனா நான் சொல்றதை எழுதுங்க.

எங்க காலேஜ் சேவை சங்கத்துலேர்ந்து என்னை இந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்பி எட்டு மாசம் ஆவுது. நாலாம் வார்டு. செவ்வாய், வியாழன், சனி, காலையில பத்து மணிக்கு ஒரு மணி நேரம் நோயாளிகளுக்கு வாசிச்சுக் காட்டணும். மருந்தோட மருந்தா மனசுக்கும் இதமா இருக்கும்னு உங்க கமிட்டியே போட்ட திட்டம். கையில ஒரு புஸ்தகம் குடுத்தாங்க. நீதிக் கதைங்க. பொய் சொன்னவன் கெட்டான், சோம்பேறி கெட்டான், குடிச்சவன் கெட்டான். வார்டுல இருபத்தாறு பேரு. எல்லாரும் துறைமுகத்துல மூட்டை தூக்கறவங்க, கரி அள்றவங்க. கை போனவன், காலு நசுங்கினவன், முதுகு ஒடஞ்சவன். அவங்க கிட்ட போயி சோம்பேறி கெட்டான்னு படிக்கச் சொன்னா எப்படி சார்? மூணாவது கதையில பாதி வார்டு சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துடுச்சு.

அப்பதான் எட்டாம் நம்பர் கட்டில்லேர்ந்து சவரிநாதன் கூப்பிட்டாரு. இன்னாம்மே, அந்த மேசை மேல கீதே இங்கிலீஷ் பேப்பரு, அதுல கப்பலு போட்டிருப்பானே, அத்தப் படியேன்னாரு.

ஆமா சார், அதே சவரிநாதன்தான். அப்ப அவருக்குக் கால்ல ஒரு காயம், அதுக்காகப் படுத்திருந்தாரு. போன மாசம் வந்தது ரெண்டாவது தடவை. வரேன், அதுக்கும் வரேன்.

கடைசிப் பக்கத்துல எறும்பு எழுத்துல போட்டிருப்பான். எந்தக் கப்பலு வந்துது, எங்கேர்ந்து, இன்னா சரக்கு, எத்தனாவது மேடையில கட்டியிருக்குது. நான் தமிழ்ல சொல்லிச் சொல்லிப் படிச்சேன். கிளென்மோர், கல்கத்தாலேர்ந்து, நிலக்கரி, நாலாம் மேடை. அவ்ளோதான் சொன்னேன். சுவத்தப் பார்த்துப் படுத்தவனெல்லாம் ஒவ்வொருத்தனா இந்தப் பக்கம் திரும்பறான். ஒருத்தன், அய்யே, அது கலீஜ் கப்பலாச்சே, ஏணியே ஆடும்ங்கறான். இன்னொருத்தன், டேய் அதுல நான் ரெண்டு தபா எறங்கிக்கீறேன், உன் மூஞ்சிதான் ஆடும்ங்கறான். ஹபீபுல்லான்னு ஒருத்தரு, நாலு நாளா கஞ்சி வேணாம்னு மொரண்டு பண்ணிகினு கெடந்தவரு, அரிசிக் கப்பல் பேரைக் கேட்டதும் எழுந்து குந்திகினு, அந்தக் கப்பல்ல சமைக்கற ஆளு நம்ம தோஸ்துன்னு ஆரம்பிச்சாரு. பேசிகினே கஞ்சியக் குடிச்சாரு.

உங்களுக்குக் கட்டு மாத்தியிருக்காங்களா சார், எப்பவாச்சும்? துணி புண்ணோட ஒட்டிகினு இருக்கும். சிஸ்டர் வெந்நி ஊத்தி மெதுவா இழுத்தாலும் உசுரு போய் உசுரு வரும். அதுவும் பத்து மணிக்குத்தான். நாங்களா ஒரு வழி கண்டுபுடிச்சோம். சிஸ்டர் துணிய இழுக்கப் போறப்ப என்னைப் பார்ப்பாங்க. நான் சட்டுன்னு குரலை ஏத்தி அடுத்த கப்பல் பேரைச் சொல்லுவேன். கட்டில்ல இருக்கறவன் அம்மாடின்னு கத்தறதுக்குப் பதிலா அந்தக் கப்பல் பேரைக் கத்துவான். வார்டு பூரா சேர்ந்து கத்தும். வாசல்ல போறவங்க நின்னு பார்ப்பாங்க, இன்னாடா இது ஆஸ்பத்திரியா துறைமுகமான்னு. கட்டு மாத்தறப்ப முன்ன மாதிரி வலி ஊசி கேக்கறதில்லைன்னு சிஸ்டரே நோட்டுல எழுதியிருக்காங்க. அந்த நோட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்க. வேணாம், நானே சொல்றேன், உங்க கிட்ட அந்த நோட்டைக் குடுத்திருக்க மாட்டாங்க. பார்த்தீங்களா.

இதுல ஒண்ணு மட்டும் நல்லா கவனிங்க. அவங்கள்ல ஒருத்தருக்கும் இங்கிலீஷ் தெரியாது. முக்காவாசிப் பேருக்குத் தமிழே படிக்கத் தெரியாது. வெளிலேர்ந்து சேதி வர்றதுக்கும் வழி கெடையாது, ஏன்னா வூட்டுக்காரங்களை நீங்க ஞாயித்துக்கெழமை மட்டும்தான் உள்ள விடுவீங்க. அவங்களுக்கு என் வாயிலேர்ந்து வந்ததுதான் பேப்பரு. நான் சொல்லாதது உலகத்துல நடக்கல. கண்ண மூடிகினு கேப்பாங்க சார். அந்த அளவுக்கு.

அதனாலதான் எனக்கு அந்த நீலப் பென்சிலைக் கண்டா எரிச்சலு. தெரியாதா உங்களுக்கு? ஆடி மாசம் ஒரு நாளு கிரேன் விழுந்து ஒருத்தர் செத்த சேதிய நான் படிச்சேன். செத்தவரு பதினோராம் கட்டில்காரருக்கு மச்சான். அவரு அழுதாரு. அழமாட்டாரா? அதுக்கு ஒரு கமிட்டி கூட்டம். மனசைக் கலக்கற சேதி எதுவும் படிக்கப்படாதுன்னு தீர்மானம். அதுலேர்ந்து பேப்பர் மொதல்ல ஆபீஸுக்குப் போவும். அங்க யாரோ ஒருத்தர் நீலப் பென்சில்ல வளையம் போட்டு அனுப்புவாரு. வளையத்துக்குள்ள இருக்கறத நான் தொடப்படாது. வேலை நிறுத்தமா, வளையம். அரிசி வெலையா, வளையம். மச்சான் செத்ததை மூணு நாளு கழிச்சித் தெரிஞ்சிகினா மட்டும் மனசு கலங்காதா சார்? பேசுங்க. ஒரு நியாயம் சொல்லுங்க.

சரி, அந்தச் சனிக்கெழமை நடந்ததுக்கு வரேன்.

பாரிமுனையில எனக்கு ஒரு வேலை இருந்தது. முடிச்சிகினு ட்ராம்ல வந்தேன். துறைமுக கேட்டுகிட்ட பார்த்தா வரிசை. எண்ணூறு பேரு இருப்பாங்களோ, ஆயிரமோ. கேட்டுலேர்ந்து ரோட்டோட ரோட்டா வளைஞ்சிகினு போவுது. இன்னாய்யான்னு கேட்டேன். பேர் பதியறாங்கம்மா, இன்னிக்கு அஞ்சு மணியோட மூடிடுவான்னாங்க. இனிமே கேட்டுல நிக்க வெச்சி, மேஸ்திரி விரலைக் காட்டி நீ வா, நீ போன்னு பொறுக்கறது கெடையாது. பேர் பதிஞ்சவனுக்கு முறை வெச்சி வேலை. பதியாதவனுக்கு அந்த கேட்டே கெடையாது. நேர்ல வரணும், இடது கட்டைவிரல் ரேகை வைக்கணும்.

ட்ராம்லேர்ந்து குதிச்சி வார்டுக்கு ஓடியாந்தேன். கப்பலெல்லாம் படிக்கல. நேரா பேப்பர்ல போட்டிருந்த பதிவு அறிவிப்பைப் படிச்சேன்.

ஆமா, வளையம் போட்ட அறிவிப்புதான். தெரிஞ்சுதான் படிச்சேன். எழுதிக்கோங்க, பெரிசா எழுதிக்கோங்க. இருபது வருஷம் முதுகைக் குடுத்தவன் கட்டில்ல கெடக்கறப்ப அவன் பேரு விட்டுப் போவுது. அந்தச் சேதி அவன் மனசைக் கலக்கும்னு மறைக்கணுமா? அதுவும் கூலிக்காரனுக்கு அறிவிப்பு, போட்டிருக்கறது இங்கிலீஷ்ல! எவன் சார் அந்தப் புத்திசாலி?

டியூட்டி டாக்டர் கிட்ட கேட்டாங்க. கேக்காம போவல. போனா கட்டில் போயிடும்னாரு. கட்டில் பெரிசா, துறைமுக கேட்டு பெரிசான்னு பதினோரு பேரு கெளம்பிட்டாங்க. மாத்துத் துணி கெடையாது, நம்பர் போட்ட ஆஸ்பத்திரிச் சட்டையோட. காலு தூக்கிக் கட்டியிருந்த சௌக்கத் அலியக் கைவண்டில வெச்சித் தள்ளிகினு போனாங்க. நானும் போனேன். ஆமா சார், தலைமை தாங்கி நடத்திச் சென்றாள்னு புகார்ல போட்டிருக்குதே, நான் பின்னாடி கொடையப் புடிச்சிகினு நடந்தேன். வரிசையில நின்னவங்க பார்த்துட்டு, இன்னா மாமு, ஆஸ்பத்திரியே கெளம்பி வந்துடுச்சான்னு சிரிச்சாங்க. சிரிச்சாங்களே தவிர எடம் விடல. யாருக்கு சார் மனசு வரும்? அஞ்சு மணிக்கு மூடிடுவானே.

ஹபீபுல்லாவும் ரெண்டாவது தடவை வந்து படுத்தவருதான். அவருக்கு இடது கையில மாவுக்கட்டு, கட்டைவிரல் உள்ள மாட்டிகினு இருக்குது. வலது விரல் வைக்கறேன்னாரு. குமாஸ்தா ஒத்துக்கல. பின்னாடி நின்ன ஆளு மூட்டை தூக்கற கொக்கிய எடுத்து, அல்லா பேரைச் சொல்லு மாமுன்னு ஒரே குத்து. விரல் வெளிய வந்துச்சு. வெள்ளை மாவோட மையில தோய்ச்சி வெச்சாரு. அரசாங்க மாவுக்கட்டைச் சேதப்படுத்தியதுன்னு அதையும் எழுதியிருக்கீங்க. அந்த மாவு என்ன வெலைன்னு சொல்லுங்க, நான் ட்யூஷன் எடுத்துக் கட்டிடறேன்.

சவரிநாதன். ம். சொல்றேன்.

குடலெறக்கத்துக்கு ஆபரேஷன் ஆகி அன்னிக்கு ஒம்போதாவது நாளு. தையல் பிரிக்கல. கைவண்டியில குந்துன்னா குந்தல. வரிசையில ஒரு ஆளு கல்லு காட்டி, பெரியவரே குந்துங்கன்னாரு. குந்தல. ஏன் தெரியுமா? நோயாளின்னு தெரிஞ்சா பேரு எழுதமாட்டான்னு அவரு நெனைச்சிகினு இருந்தாரு. எல்லாருமே அப்படித்தான் நெனைச்சாங்க. மேஸ்திரி கிட்ட இருவது வருஷம் அப்படித்தானே வேலை கெடைச்சிது. இருமினா போ, நொண்டினா போ. அதனால வயித்துக் கட்டு தெரியாம இருக்க யார் கிட்டயோ துண்டு வாங்கி இறுக்கிக் கட்டிகினாரு. ஆஸ்பத்திரிச் சட்டையக் கழட்டி என் கையில குடுத்தாரு. நாலு மணி நேரம் நின்னாரு சார். மேசை கிட்ட வர்றப்ப நெஞ்ச நிமித்திகினு, நடு வெய்யில்ல, முகத்துல வேர்வை ஊத்துது, குமாஸ்தாவப் பார்த்துச் சிரிக்கறாரு. ஆளு சும்மா கிண்ணுன்னு கீறேன் பாருன்ற மாதிரி. ரேகை வெச்சாரு. திரும்பி என்னைப் பார்த்து, இன்னாம்மே, எழுதிகினானா, சரியா எழுதிகினானா, பார்த்துச் சொல்லுன்னாரு. எட்டிப் பார்த்தேன். சரியா எழுதியிருந்தான்.

திரும்பி வந்து வார்டு வாசப்படி ஏறறப்ப தையல் விட்டுடுச்சு.

இல்ல, தண்ணி வேணாம். நான் அழல.

ஞாயித்துக்கெழமை என்னை வார்டுக்குள்ள விடல. ஜன்னலுக்கு வெளிய நின்னு கட்டு மாத்தற நேரத்துக்குக் கப்பல் படிச்சேன். மத்த பத்து பேரை வெளிய அனுப்பிட்டாங்க, தையல் விட்டவரை மட்டும் அதே எட்டாம் கட்டில்ல போட்டிருந்தாங்க, அது ஜன்னலாண்ட. வாட்ச்மேன் கையப் புடிச்சி இழுத்துகினு போற வரைக்கும் படிச்சேன். அதையும் கூச்சலிட்டு அமைதியைக் குலைத்தாள்னு போட்டிருக்கீங்க. உள்ளேர்ந்து ஒரு குரல் மட்டும் கப்பல் பேரைத் திருப்பிச் சொல்லிச்சு. அது யாருன்னு எனக்குத் தெரியும். திங்கக்கெழமை காலையில அவரு போயிட்டாரு.

இப்ப நீங்க நீட்டற காகிதம். படிக்கறேன். படிக்கக் கூடாத செய்தியைப் படித்ததன் மூலம் ஒரு நோயாளியின் மரணத்துக்குக் காரணமாக இருந்தேன், இதற்காக வருந்துகிறேன். கையெழுத்துப் போட்டா பத்து பேருக்குக் கட்டில் திரும்பக் கெடைக்கும், வாசிக்கற நேரமும் தொடரும், வேற பொண்ணு வெச்சி. போடலைன்னா வாசிப்பே நிக்கும், காலேஜுக்கும் எழுதுவீங்க. புரியுது சார். நல்லாவே புரியுது.

போடமாட்டேன்.

மரணத்துக்குக் காரணம்னு எழுதியிருக்கறதுக்காக இல்ல. அதுக்கு முன்னாடி படித்ததன் மூலம்னு இருக்குதே, அது பொய், அதுக்காக. நீங்க, டாக்டர், கமிட்டி, காலேஜ் பிரின்சிபால் அம்மா, எல்லாரும் என்னை ஒரே கேள்விதான் கேட்டுகினு இருக்கீங்க. ஏன் படிச்சே, ஏன் படிச்சே. அதுக்கு எங்கிட்ட நூறு பதில் கீது, கேளுங்க, இன்னிக்குப் பூரா சொல்லுவேன். சவரிநாதன் சம்சாரம் லூர்து இருக்குதே, மீன் விக்கற அம்மா, அது மட்டும்தான் வேற கேட்டுச்சு. கல்லறையில, மண்ணு போட்ட அப்புறம், என் கையப் புடிச்சிகினு, கோவமாக்கூட இல்ல, சும்மா கேட்டுச்சு. ஏம்மா, அந்தச் சேதி எப்ப வந்துச்சு பேப்பர்லன்னு.

சனிக்கெழமைன்னு சொன்னேன்.

இந்தாங்க சார் பேப்பர். வேணாம், இருங்க, நானே படிக்கறேன். உங்களுக்கு இங்கிலீஷ் தெரியும்தான், இருந்தாலும் நான் வாயால படிக்கணும். கேளுங்க. மேல தேதி. செவ்வாய்க்கெழமை. இந்த நீல வளையம் உங்க ஆபீஸ் போட்டது. உள்ள, துறைமுகத் தொழிலாளர்கள் இன்று முதல் சனிக்கிழமை ஐந்து மணிக்குள் நேரில் வந்து பெயர் பதிந்துகொள்ள வேண்டும். அவ்ளோதான் நான் வார்டுல படிச்சேன். அதுக்குக் கீழ ஒரு வரி கீது. மருத்துவமனையில் இருப்பவர்கள், மருத்துவரின் கடிதத்தை வியாழக்கிழமைக்குள் அனுப்பினால், குமாஸ்தா படுக்கைக்கே வந்து பதிந்துகொள்வார்.

ஆமா. படுக்கைக்கே.

செவ்வாய்க்கெழமை பத்து மணிக்கு இது என் கையில இருந்தது. வளையத்தைப் பார்த்தேன், உள்ள இருக்கறதையும் பார்த்தேன். வேற நாளா இருந்தா ஆபீஸ்ல போயி மேசையத் தட்டியிருப்பேன். அன்னிக்கு சாயங்காலம் பேச்சுப் போட்டி. சண்டை போட நேரம் இல்ல. சொல்லப்போனா சிஸ்டர் துணி இழுக்கற நேரம் பூரா என் மனசு போட்டிலதான் இருந்தது. ஓரத்துல பென்சில்ல பேச்சுக்கான குறிப்பு கிறுக்கியிருக்குது பாருங்க, ஒண்ணு ரெண்டுன்னு, அது என் கையெழுத்துதான். தலைப்பு, எல்லாருக்கும் எழுத்தறிவு வேணுமா. வேணும்னு பேசி ஜெயிச்சேன். வியாழக்கெழமை காலேஜ்ல எனக்கு டீ பார்ட்டி, இங்க வரல. சனிக்கெழமை பாரிமுனைக்குப் போனேன்னு சொன்னேனே, கப்புல என் பேரு வெட்டறதுக்கு.

வரிசையில நாலு மணி நேரம் அவரு பக்கத்துல நின்னுகினு இருந்தேன் சார். பை தோள்லதான் இருந்தது. நோயாளின்னு தெரிஞ்சா தப்பில்ல, குந்துங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும். அந்த வரிய எப்ப படிச்சேன்னு கேட்டுடுவாரேன்னு வாயத் தொறக்கல. இந்த வாயி.

வளையம் உங்களோடது, பென்சில் கிறுக்கல் என்னோடது. ரெண்டையும் எழுதுங்க. படிச்சதால சாவலன்னு எழுதுங்க, படிக்காததால. கையெழுத்துப் போடறேன். அப்புறம் அதோட நகல் ஒண்ணு வேணும், லூர்தம்மாவுக்கு. அவங்களுக்குப் படிக்கத் தெரியாது, நான் போய்ப் படிச்சிக் காட்டணும்.

எழுதுங்க சார். பேனாவ மூடாதீங்க.